ஓபி ரிட்டர்ன் வரம்பை ஏற்றியது சரியா? நாட்ஸுக்கு மாறலாமா?

வீட்டுநோடு:
பழைய மடிக்கணினியில் பிட்காயின் நோடு (பரிவர்த்தனைகளைச் சரிபார்த்து, சேமித்து, மற்றவர்களுக்குக் கடத்தும் நிரல்) ஓட்டுகிறேன். பெரும்பாலோர் ஓட்டும் நோடு மென்பொருளான கோரின் 30-ஆம் பதிப்பு 2025 அக்டோபரில் வந்தது. அது, பரிவர்த்தனையில் தரவு எழுதும் இடமான ஓபி ரிட்டர்னில் கடத்திவிடும் தரவின் அளவை சுமார் 80 பைட்டிலிருந்து 1,00,000 பைட்டுக்கு ஏற்றிவிட்டது. பணம் அனுப்பத்தானே பிட்காயின்? யாரோ போடும் கோப்பையெல்லாம் என் டிஸ்க் ஏன் காலத்துக்கும் சுமக்க வேண்டும்? வரம்பைச் சிறிதாகவே வைத்திருக்கும் நாட்ஸ் என்ற மாற்று நோடு மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

மாறன்:
மாறினாலும் டிஸ்க் மிஞ்சாது. அந்த 80 பைட் பிட்காயினின் விதியே இல்லை, எதைக் கடத்துவது என்று நோடுகள் வைத்துக்கொண்ட பழக்கம்தான். மைனர் (பரிவர்த்தனைகளைத் தொகுத்து பிளாக்காகச் சங்கிலியில் சேர்ப்பவர்) பெரிய தரவை பிளாக்கில் ஏற்றிவிட்டால் நாட்ஸும் அதை ஏற்றே ஆக வேண்டும். 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் (படங்களை பிட்காயினில் பதிக்கும் முறை) வந்தபோதும் இந்த வரம்பு இருந்தது. படங்கள் கையொப்பங்களுக்கான விட்னஸ் பகுதி வழியாக ஏறின, அங்கே ஒரு பைட்டுக்குக் கால் பங்குக் கட்டணம்தான் என்பதால் அடுத்த மாதமே ஒரே படம் கிட்டத்தட்ட 4 எம்பி பிளாக்கை நிரப்பியது. ஓபி ரிட்டர்னில் முழுக் கட்டணம், அதையே அடைத்தாலும் பிளாக் 1 எம்பியைத் தாண்டாது.

என் பயம் வேறு. சிலர் தரவைப் போலிப் பொதுச்சாவிகளாக்கி (பணம் பெறுபவரின் முகவரி போலக் காட்டி) அவுட்புட்டில், அதாவது பணம் போய்ச்சேரும் பகுதியில், ஒளிக்கிறார்கள். அது ஒருநாளும் செலவாகப்போவதில்லை, நோடுக்கு அது தெரியாது, அதனால் இன்னும் செலவாகாத அவுட்புட்டுகளின் யூடிஎக்ஸ்ஓ பட்டியலில் அப்படியே தங்கிவிடும், ப்ரூன் செய்தாலும் (பழைய பிளாக்குகளை டிஸ்க்கிலிருந்து அழித்தாலும்) போகாது. ஓபி ரிட்டர்ன் அந்தப் பட்டியலுக்குள் வருவதே இல்லை.

கல்லணை:
மாறன் அண்ணா, யூடிஎக்ஸ்ஓ விஷயம் சரி. ஆனால் பூட்டை உடைக்கத் தெரிந்தவன் இருக்கிறான் என்று நாம் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவதில்லையே. நோடுகள் கடத்தாவிட்டால் மைனரைத் தேடிப்போய் நேரடியாகக் கொடுக்க வேண்டும், அந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் விட்டுவிடுவார்கள். டீஃபால்ட்டை மாற்றினால், இது பணத்துக்கு மட்டுமில்லை, சேமிப்பு இடமும்தான் என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிறது. எனக்கு அதுதான் வலிக்கிறது.

மாறன்:
தம்பி, அந்த அலைச்சல் யாருக்கு லாபம் என்று பாருங்கள். நேரடியாக வாங்குவது பெரிய மைனர்களால்தான் முடியும், அந்தக் கட்டணம் சின்ன மைனர் கண்ணிலேயே படாது. அப்புறம், மெம்பூலில் (பிளாக்கில் ஏறக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளின் வரிசையில்) பார்த்திராத பரிவர்த்தனை பிளாக்கில் வந்தால் நோடு அதைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டும், பிளாக் பரவுவது தாமதமாகும்.

வீட்டுநோடு:
சரி, இப்போதைக்குக் கோரிலேயே இருக்கிறேன். ஓபி ரிட்டர்ன் வரம்பைத் தீர்மானிக்கும் டேட்டாகேரியர்சைஸ் அமைப்பைப் பழையபடி 83 (80 பைட் தரவும் அதன் குறியீடும்) என்று வைத்துவிட்டேன், கல்லணை சொன்னதும் மனதில் நிற்கிறது. ப்ரூனும் போட்டாயிற்று.