மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு கேட்கும் லார்ஸ் கேள்வித்தாள்: தமிழில் சரிபார்க்க வழி சொல்லுங்கள்

பாளை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, குடலை இணைத்து, வயிற்றில் வைத்த பையையும் எடுத்த பிறகு பலருக்கு வயிறு பழையபடி இருப்பதில்லை. அடக்கவே முடியாத அவசரம், போய்விட்டு வந்த கையோடு மறுபடியும் போகவேண்டியது, காற்றை அடக்க முடியாதது, இப்படி. இதை அளக்க டென்மார்க்கில் உருவாக்கி 2012-இல் வெளியிட்ட லார்ஸ் ஸ்கோரைத் தமிழில் சரிபார்ப்பதுதான் என் ஆய்வு. அனுமதி வாங்கியாச்சு. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, அதை ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறு இரண்டு பேர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்த்ததும் முடிந்தது. இனிமேல்தான் குழப்பம். கைடு, க்ரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) போட்டால் போதும் என்கிறார். போதுமா? பதில் மாறாமல் வருகிறதா என்று பார்க்க அதே ஆட்களிடம் மறுபடி கேட்பதற்கு எத்தனை பேர், எத்தனை நாள் இடைவெளி? முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து வரும் பீடி சுற்றும் அம்மாக்கள் சிலருக்கு வாசிக்கச் சிரமம், கூட வரும் மகனோ மருமகளோ பதில் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சேர்க்கலாமா?

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி, ஆல்ஃபாவை இதற்கு நம்பாதீர்கள். ஒரே விஷயத்தைப் பல கேள்விகளால் சுற்றிச் சுற்றிக் கேட்கும் தாள்களுக்குத்தான் அது பொருந்தும். லார்ஸில் இருப்பதே ஐந்து கேள்வி, அவை ஒவ்வொன்றும் வேறு வேறு தொல்லை. அந்தத் தொல்லை ஒருவருடைய வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்த்து மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அவசரத்துக்கு 16 வரை போகிறது, இளகின மலம் கசிவதற்கு 3-தான். காற்றை அடக்க முடியாதவருக்கு அவசரமும் இருந்தே ஆகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஆகவே ஆல்ஃபா குறைவாக வந்தாலும் உங்கள் தமிழில் தப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஆனால் வைவாவில் அதைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

அதற்குப் பதில், வயிற்றுத் தொந்தரவால் உங்கள் வாழ்க்கை எவ்வளவு பாதிக்கிறது என்று தனியாக ஒரு கேள்வி கேளுங்கள், மற்ற நாடுகளில் சரிபார்த்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். பாதிப்பு கூடக்கூட ஸ்கோரும் கூடுகிறதா என்று பாருங்கள். வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஐரோப்பியப் புற்றுநோய் அமைப்பின் க்யூ.எல்.க்யூ.-சி30 தாளையும் கூடவே கொடுக்கலாம். அப்புறம், முன்னதாகவே வித்தியாசம் தெரிந்த கூட்டங்களை ஒப்பிடுங்கள்: கதிர்வீச்சு வாங்கினவர்கள், வாங்காதவர்கள், கட்டி ஆசனவாய்க்குப் பக்கத்தில் இருந்தவர்கள், மேலே இருந்தவர்கள். கதிர்வீச்சு வாங்கினவர்களுக்கு ஸ்கோர் கூடுதலாக வராவிட்டால் தாளில் எங்கோ கோளாறு.

மறுபடி கேட்பது இரண்டு வாரம் கழித்து, 50 பேருக்குக் குறையாமல். இரண்டு தடவைப் பதிலும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஐ.சி.சி. எண் 0.7-க்கு மேல் வரவேண்டும். இடையில் லோபரமைடு (வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) ஆரம்பித்தவர்களை, அளவு மாற்றினவர்களை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வயிறு நிலைப்பட்டவர்களாக இருந்தால்தான் இந்தச் சோதனைக்கே பொருள் உண்டு. பை இன்னும் இருப்பவர்களைத் தொடவே வேண்டாம்.

தென்காசி ஸ்டோமா நர்ஸ்:

அண்ணாச்சி சொன்ன கணக்கெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து, 'இந்தக் கேள்வி என்ன கேட்குதுன்னு உங்க வாயால சொல்லுங்க'னு கேளுங்கம்மா. எங்களிடம் வந்த ஓர் அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்றதற்கு 'காலையில ஒரு தடவதான்' என்றார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி போவீங்களா என்றால் இல்லை என்றார்கள். அவசரம் மட்டும் அடிக்கடி உண்டு. ஆக ஸ்கோர் 16, தொந்தரவே இல்லை என்ற வகுப்பு. எனக்கு மனசு கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீங்கனு கேட்டால், விடியற்காலையில் எழுந்து தண்ணி குடிச்சு, போய், வந்து அடுப்பு பத்தவைக்கும்போதே மறுபடி போய், பீடித்தட்டை எடுத்து மடியில் வைக்குமுன் இன்னும் ரெண்டு தடவை. அவர்கள் கணக்கில் அது மொத்தமும் ஒரு தடவை! தினமும் இப்படியென்றால் கொத்துக் கொத்தாகப் போவதற்கு 11, நாலு தடவைக்கு 2, ஸ்கோர் 29. மகனை டீ குடிச்சிட்டு வாப்பானு அனுப்பிய பிறகு, காற்றும் எப்போதாவது தன்னையறியாமல் பிரிவதாகச் சொன்னார்கள். அதற்கு 4. 30-உம் அதற்கு மேலும் தீவிரம் என்று கணக்கு, அவர்கள் 33.

ஆகவே மகன் சொன்ன பதிலைச் சேர்க்கவே கூடாது. வாசிக்க முடியாதவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம், ஆனால் தாளில் உள்ளபடியே, எல்லோருக்கும் ஒரே மாதிரி, தனியறையில். யாருக்கு வாசித்துக் காட்டினீர்கள் என்று குறித்துவையுங்கள். இரண்டாவது தடவையும் அப்படியே கேட்கவேண்டும், முதலில் நேரில் கேட்டுவிட்டு அடுத்தது போனில் என்றால் எதை அளந்தோம் என்றே தெரியாது. நம் ஊர்ப்பக்கம் இன்னொன்று: ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடும்பத்தோடு போய்த் தங்குகிறவர்கள் உண்டு. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் மாறும். அந்த நாட்களை நடுவில் வைத்து இரண்டு தடவையும் கேட்காதீர்கள்.

அப்புறம் தயவுசெய்து, 30-உம் அதற்கு மேலும் வந்தவர்களை எழுதி மட்டும் வைத்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். மருந்து, சாப்பாட்டு முறை, இடுப்புத்தளத் தசைக்கு உடற்பயிற்சி, குடலைத் தண்ணீர் விட்டுக் கழுவுவது என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. கேட்டுவிட்டோம் என்றால் பொறுப்பும் நம்முடையதுதான்.

அம்பாசமுத்திரத்துக்காரர்:

நான் டாக்டரோ நர்ஸோ இல்லை, இந்த ஆபரேஷன் ஆனவன். ஒன்று சொல்கிறேன் மகளே. செக்கப் நாளன்று நான் முந்தின ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன், பஸ்ஸில் வயிறு புரட்டினால் எங்கே இறங்குவது? சேரன்மகாதேவி தாண்டினால் பயம்தான். என்னை மாதிரி நிறையப் பேர் உண்டு. அங்கே வந்து உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டால், இன்றைக்கு ஒன்றும் இல்லைம்மா என்பேன், அது பட்டினியின் பதில். வீட்டில் சாதாரணமாக இருக்கும் நாளைப்பற்றிக் கேட்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாளை மாணவி:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஐயா சொன்னதைத் தாளின் மேலே உள்ள அறிவுரையில் சேர்க்கலாமா, இல்லை மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததாக ஆகிவிடுமா?

கணக்குப்பிள்ளை:

கேள்வியிலும் மதிப்பெண்ணிலும் ஒரு எழுத்துகூட மாற்றாதீர்கள். அறிவுரையில் அந்த வரியைச் சேர்க்கிறோம் என்று அனுமதி கொடுத்தவர்களுக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு, சேர்த்ததை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.