ஆறாம் மாதம், ஹீமோகுளோபின் 9.4: இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி (செம்பூர், மும்பை)

வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை. சென்ற மாதம் எடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்ததால், மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கூட்டம் அதிகமாக இருந்ததால் எதை எப்போது சாப்பிடுவது என்று விரிவாகக் கேட்க இயலவில்லை. காலைப் பலகாரம் முடிந்ததும் இரண்டையும் சேர்த்து விழுங்கி, கையோடு காபியும் குடித்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறேன். இப்போது மலச்சிக்கல் பாடாய்ப் படுத்துகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. ஊரிலிருந்து பேசும் மாமியாரோ, இந்த மாத்திரையால் குழந்தை கறுத்துப் பிறக்கும், கீரையும் பேரீச்சம்பழமும் போதும் என்கிறார். என்ன செய்வது?

பதில் 1 (மாட்டுங்கா)

தங்கைக்கு, என் இரண்டு பிரசவத்திலும் இதே தொல்லை இருந்தது. மாட்டுங்கா சந்தையில் முருங்கைக்கீரை தாராளமாகக் கிடைக்கும். பருப்போடு சமைத்து, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிடுங்கள். அசைவம் உண்டென்றால் ஈரல், சுவரொட்டி இரண்டுமே இரத்தம் ஊறுவதற்கு நல்லவை. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 2 (தாராவி, செவிலியர்)

சகோதரி, கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தாலே இரத்தசோகைதான். 9.4 என்னும் அளவைக் கீரையாலும் பேரீச்சம்பழத்தாலும் மட்டும் பிரசவத்துக்குள் ஏற்றிவிட முடியாது. குறைந்த இரத்தத்தோடு பிரசவ மேசைக்குப் போகும் பெண்ணுக்குச் சாதாரண இரத்தப்போக்குகூட ஆபத்தாக முடியலாம். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை மாமியாருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மலம் கறுப்பாவது உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான். அதற்காக அஞ்ச வேண்டாம்.

நீங்கள் சாப்பிடும் முறையைத்தான் மாற்ற வேண்டும். கால்சியமும் காபி, தேநீரும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், இப்போது விழுங்கும் மாத்திரையில் பெரும்பகுதி வீணாகிக்கொண்டிருக்கக்கூடும். கால்சியத்தைக் காலை உணவோடும், இரும்பை இரவு உணவு முடிந்து சற்று நேரம் கழித்து எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேரம் இருக்கட்டும். படுக்கப் போகும் வேளை என்பதால் குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது. நெஞ்செரிச்சலுக்கு மருந்து குடிப்பவராக இருந்தால், அதையும் இரும்பு மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கொய்யாப்பழம், ஊறவைத்த உலர்திராட்சை, மாலை நடை ஆகியவை உதவும். அப்படியும் தீரவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றலாம், தேவைப்பட்டால் நரம்பு வழியாகவும் ஏற்றலாம்.

மேலே அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். அது அளவு மீறினால் கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்ப காலத்தில் ஈரலைத் தவிர்ப்பதே நல்லது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில் 3 (முலுண்ட்)

என் மனைவிக்கு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவே இல்லை. பிறகு செய்த இரத்தப் பரிசோதனையில் அவர் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர் என்று தெரிந்தது. உடனே எனக்கும் அதே பரிசோதனையைச் செய்தார்கள், ஏனெனில் பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உங்களுக்கு இந்தப் பரிசோதனை ஏற்கெனவே ஆகிவிட்டதா என்று கோப்பைப் புரட்டிப் பாருங்கள்; ஆகவில்லை என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.