டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை: பழைய டிரையரோடு பட்ட அனுபவங்கள்

கொடைக்கானலிலிருந்து:

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே துணி துவைத்தவர்களுக்குத் தெரியும். மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டியில் ஈரம் போகாது. நாலாம் நாள் வாடை வந்துவிடும். ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடம் மாமா வாங்கிப் போட்ட அமெரிக்க டிரையர் (துணி காயவைக்கும் மெஷின்)தான் எங்கள் வீட்டை இத்தனை வருஷமாகக் காப்பாற்றுகிறது. 1970-களில் செய்தது.

போன மழைக்காலத்தில் டிரம் சுற்றியது, சூடு மட்டும் வரவில்லை. பார்க்க வந்தவர் பின்தகட்டைக்கூடக் கழற்றாமல், "ஹீட்டர் போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நானே திறந்தேன். ஹீட்டரில் சூடாகும் கம்பிச்சுருளான காயிலின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தால் 10.4 ஓம். 240 வோல்ட், 5600 வாட் என்று தகட்டில் அடித்திருக்கிறது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் 10.3 ஓம் வரவேண்டும். ஆக, காயில் நன்றாகத்தான் இருக்கிறது. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் இரண்டிலும் இணைப்பு அறுபடாமல் இருந்தது. அப்புறம் எங்கேதான் அறுந்தது?

ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போனேன். அது மோட்டாரில் போய் நின்றது. ஹீட்டர் கரண்ட், மோட்டாரில் இருக்கிற சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. மோட்டார் வேகம் பிடித்தால்தான் ஹீட்டர் சேரும். டிரம் நின்றுபோய் காயில் மட்டும் எரிந்தால் துணி கருகிவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்தத் தொடுமுனையைப் பார்த்தேன்: மிளகு அளவுதான் இருக்கும், கன்னங்கரேலென்று நடுவில் குழி விழுந்திருந்தது. 22 ஆம்பியர் அதன் வழியாகப் போகவேண்டும்! இந்த மோட்டார் அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கரண்டுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 1725 சுற்றுக்குப் பதில் 1425 போலத்தான் ஓடும். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது வேகம் இன்னும் தடுமாறி, சுவிட்ச் விட்டுவிட்டுத் தொட்டிருக்கும் என்பது என் ஊகம். வத்தலக்குண்டில் காயில் கட்டும் கடைக்காரர் அந்த முனையை மாற்றி வெள்ளிப்பொட்டு வைத்துக் கொடுத்தார். மாட்டினேன், சூடு வந்துவிட்டது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். 1996-க்கு முந்தைய அமெரிக்க டிரையர்கள் பலவற்றில் உடம்புத் தகட்டை நியூட்ரலோடு ஒரு சின்னப் பட்டையால் இணைத்திருப்பார்கள். அவர்கள் ஊர் வயரிங்குக்கு அது ஒத்துப்போகும். இங்கே ஹீட்டருக்கு 230, மோட்டாருக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 115 என்று கொடுக்கும்போது, அந்த நியூட்ரல் முனையில் 115 வோல்ட் நிற்கலாம். அப்படி நின்றால் தகடு முழுக்கக் கரண்ட். எங்கள் அத்தை ஈரக்கையோடு தொட்டபோது "சுள்ளுனு இழுக்குதுடா" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள்தான் குளிரில் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டோம். நினைத்தால் இப்பவும் வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பட்டையைக் கழற்றி, தகட்டுக்குத் தனி எர்த் கொடுத்து, லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டாயிற்று. பழைய அமெரிக்க மெஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஒயர்மேனைக் கூப்பிட்டு இன்றைக்கே இதைப் பாருங்கள்.

குன்னூரிலிருந்து:

அண்ணா, என்னுடையது இங்கிலாந்து மெஷின், 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் கரண்ட் தொல்லை கிடையாது. ஆனால் 40 நிமிஷத்தில் காய்ந்த துணிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கோளாறு மெஷினில் இல்லை, வெளியே போகும் குழாயில். சுவரோரமாகத் தொங்கிய இடத்தில் அது தொப்பை போட்டிருந்தது. வெளிக்குளிருக்குச் சூடான காற்றின் ஈரம் உள்ளேயே தண்ணீராகி, துணிப் பிசிறோடு சேர்ந்து சேறு மாதிரி அடைத்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. இப்போது தகரக் குழாயை வெளிப்பக்கம் சரிவாக வைத்திருக்கிறேன். மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றித் தட்டுகிறேன். பிசிறு காய்ந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

கோத்தகிரியிலிருந்து:

டிரம் முன்விளிம்பில் இருக்கும் ஃபெல்ட் (அழுத்திச் செய்த தடித்த துணிப்பட்டை) தேய்ந்துவிட்டது. பழைய போர்வையை வெட்டி ஒட்டினேன், பத்து நிமிஷத்தில் தீய்ந்த வாடை. யாராவது வேறு எதையாவது போட்டிருக்கிறீர்களா?

கொடைக்கானலிலிருந்து:

போர்வையில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், உருகிவிடும். ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து, விரலில் நசுக்கினால் பொடியானால் சுத்தக் கம்பளி. மணி மாதிரி உருண்டு கெட்டியானால் வேண்டாம். நான் போட்டது தடிமனான கம்பளி ஃபெல்ட், சூடு தாங்கும் பசையால் ஒட்டினேன். ஒட்டியதும் ஓட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, டிரம்மைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பிளக்கைப் போடுங்கள்.