சிறு தீவுப் பள்ளிகளில் தலைமைப் பொறுப்புக்கு எப்படிப் பயிற்றுவிப்பது? (மாலத்தீவு)

கேள்வி – கணித ஆசிரியர், மாலத்தீவு

வணக்கம். மாலத்தீவின் வடபகுதித் தீவு ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். இந்த ஆண்டு என்னை லீடிங் டீச்சராக நியமித்திருக்கிறார்கள். என் துறை ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்வையிட்டு வழிகாட்டுவது இனி என் பொறுப்பு. பள்ளியில் மொத்தம் 140 பிள்ளைகள். முதல்வர் இதே தீவில் பிறந்தவர். ஆசிரியைகளில் ஒருவர் அவருடைய தங்கை, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர், பெற்றோர் சங்கத் தலைவர் அவருக்கு மாமா.

சென்ற வாரம் பழைய வகுப்புப் பார்வைப் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளிலும், எல்லா ஆசிரியர்களுக்கும், எல்லாக் கட்டங்களிலும் ‘நன்று’ என்றே டிக் செய்யப்பட்டிருந்தது. குறிப்பு எழுத விட்டிருந்த இடம் ஒன்றில்கூட நிரப்பப்படவில்லை. முதல்வர் கடமை தவறுபவர் அல்லர். தினமும் காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பவர். மாலேயில் தலைமைத்துவப் பயிற்சியும் முடித்தவர். அந்தப் பயிற்சி இந்தப் படிவத்தில் ஒரு வரியாகக்கூட வந்து சேராதது ஏன் என்பதுதான் என்னை வருத்துகிறது. இதுபோன்ற இடங்களுக்குப் பயிற்சி எப்படி அமைய வேண்டும்?

பதில் 1 – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

நானும் அந்நாட்டில் மூன்று தீவுகளில் வேலை பார்த்தவன் என்பதால் உங்கள் முதல்வரை நேரில் பார்த்ததுபோல் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள், ஏறத்தாழ 190 தீவுகளில் சிதறி வாழும் நாடு அது. மாலே வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே துணை முதல்வர், எழுத்தர், கணக்கர் எல்லாரும் இருப்பார்கள். அப்பள்ளிகளை மனத்தில் வைத்து வகுத்த பாடத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பும் தீவு முதல்வருக்கு, விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைத் தானே எடுப்பது முதல் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பது வரை எல்லாம் தன் தலையில்தான் விழும். அவரை ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பினால் பொறுப்பேற்க ஆள் கிடைக்காது. ஹுளங்கு என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், இரண்டு நாள் பயிற்சிக்காக அடோலின் (தீவுக் கூட்டத்தின்) தலைநகருக்குப் போகக்கூடப் படகை நம்ப முடியாது.

ஆகவே பயிற்சி தீவுக்கு வர வேண்டும். ஒருமுறை வந்து போவதாக இல்லாமல், அதே ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டும். நான் இருந்த கடைசிப் பள்ளியில் நாங்கள் செய்தது எளிமையானது. தோணியில் முக்கால் மணி நேரத் தொலைவிலிருந்த அடுத்த தீவின் முதல்வரோடு எங்கள் முதல்வர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். கல்விப் பருவத்துக்கு இரண்டு முறை அவர் இங்கே வருவார், இவர் அங்கே போவார். இருவரும் சேர்ந்து ஒரு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்வார்கள். முதல் வருகையில், பின்னக் கணக்குப் பாடம் முடிந்ததும், வந்தவர் அந்த ஆசிரியையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “ஜன்னலோரம் இருந்த மூன்று பிள்ளைகள் என்ன எழுதினார்கள், பார்த்தீர்களா மிஸ்?” ஆசிரியை நோட்டுகளை எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் பகுதியைப் பகுதியோடு, அதாவது பின்னங்களின் கீழ் எண்களை, கூட்டியிருந்தார்கள். உறவுக்காரர் வாயில் வராத கேள்வியை வெளியாள் கேட்டார். எப்படிக் கேட்பது என்பதை எங்கள் முதல்வர் கற்றுக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்தை எந்த விரிவுரையும் தந்திருக்காது.

பதில் 2 – ஃபிஜியில் தலைமையாசிரியராக இருந்தவர்

ஐயா சொன்ன ஏற்பாட்டை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் உறவை ஒரு தடையாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1926இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் நடத்தும் பள்ளிகள் உட்பட, ஃபிஜியின் பெரும்பாலான பள்ளிகள் ஊராரும் சமூக அமைப்புகளும் நிர்வகிப்பவை; தலைமையாசிரியரை அனுப்புவது அரசு. வெளித்தீவுக்கு மாற்றலாகிச் சென்றபோது நான் முதலில் செய்தது, யங்கோனா (காவா) வேரைக் கொண்டுபோய் ஊர்த்தலைவர் முன் வைத்து, ஊருக்குள் ஏற்றுக்கொள்ளும்படி வேண்டும் செவுசெவு என்ற சடங்கைச் செய்ததுதான். அதற்குப் பின்னும் என் சொல்லுக்கு மதிப்பு வர ஓராண்டு பிடித்தது. உங்கள் முதல்வருக்கோ அந்த மதிப்பு பிறவியிலேயே இருக்கிறது. தங்கையிடம் உண்மையைச் சொல்ல அண்ணனைவிட உரிமை உள்ளவர் யார்? அந்த உரிமையைப் பயன்படுத்தும் முறையைத்தான் பயிற்சி தர வேண்டும்.

1968இல் தொடங்கிய தென் பசிபிக் பல்கலைக்கழகத்தை 12 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்து நடத்துகின்றன. தொலைதூரத் தீவு ஆசிரியர்களும் தம் ஊரிலிருந்தே அதில் படிக்கலாம். சட்டம், நிதி, திட்டமிடல் ஆகியவற்றுக்கு அது மிக நல்ல வழி. ஆசிரியரோடு பேசும் கலை மட்டும் செயற்கைக்கோள் வழியே வராது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அடுத்த தீவிலும் ஒரு தமிழ் ஆசிரியர் லீடிங் டீச்சராக இருக்கிறார். முதல்வரிடம் பேசி, நாங்கள் இருவருமே இதைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். வெளிநாட்டவர் குறை கண்டுபிடிக்கிறார்கள் என்று தோன்றிவிடுமோ என்ற தயக்கம் இருக்கிறது.

பதில் 1 – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

தோன்றத்தான் செய்யும். அதனால் முதலில் உங்கள் வகுப்பைத் திறந்து வையுங்கள். உங்கள் முதல்வரும் அவர் தங்கையும் பின்வரிசையில் உட்கார, அடுத்த தீவு ஆசிரியர் உங்களிடம் கேள்வி கேட்கட்டும். அன்று படிவத்தை எடுக்க வேண்டாம். பிள்ளைகளின் நோட்டுகளை மட்டும் மேசைமேல் வையுங்கள். வடகிழக்குக் காற்று தொடங்கிக் கடல் அமைதியாகும் வாரங்களில் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.