ஓடித் திரியும் இளம் நாய்: இந்த மெலிவு சரியா?

வணக்கம். இரணைமடுப் பக்கம் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய்க்கு ஒன்றரை வயது. விடிந்தால் மாடுகளுக்குப் பின்னால், வயல் வரம்பில் என்று ஒரே ஓட்டம். வருகிற சனமெல்லாம் "சாப்பாடு போடுறேல்லையோ?" என்று கேட்கிறது.

கொழுத்த நாய்தான் நல்ல நாய் என்று நான் நினைக்கவில்லை. தடவினால் விலா எலும்பு கையில் பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும், பக்கவாட்டில் வயிறு உள்ளேற வேண்டும். நாயின் மெலிவையும் கொழுப்பையும் 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஒன்பது புள்ளிக் கணக்கில் 4, 5 என்பது அதுதான். இதுவரை அப்படித்தான் இருந்தது. ஆனால் இப்போது விலா கண்ணுக்கே தெரிகிறது, இடுப்பெலும்பும் கொஞ்சம் துருத்துகிறது. துடிப்பில் குறைவில்லை. தூக்கிக்கொண்டு தராசில் ஏறி என் நிறையைக் கழித்தால் 14 கிலோ.

சாப்பாடு இரண்டு நேரம், சோறும் மீனும். முட்டை எப்போதாவது. சோற்றைக் கூட்டுவதா, மீனையும் முட்டையையும் கூட்டுவதா? வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து மூன்று மாதம் தாண்டிவிட்டது. முதலில் அதைக் கொடுத்துப் பார்க்கலாமா? உண்ணியும் இங்கே அதிகம், உண்ணிக் காய்ச்சலிலும் நாய் மெலியும். இரத்தம் சோதிக்க இப்போதே மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதா? வேலை செய்யும் நாய் வளர்ப்பவர்கள் சொல்லுங்கள். படம் கீழே போடுகிறேன்.