மூன்றாம் தரப்பு டிராப்டவுனில் மவுஸ் வீலை உருட்டினால் மதிப்பு மாறுகிறது – தடுப்பது எப்படி?

கேள்வி

விண்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் படிவங்களை உருவாக்கும் மைக்ரோசாஃப்ட் நூலகம்), டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8. ஆட்டோஸ்க்ரோல் பேனலுக்குள் (உள்ளடக்கம் பெரிதானால் தானே உருளும் பகுதி) விலைக்கு வாங்கிய டிராப்டவுன் கண்ட்ரோல்கள் சுமார் 40. படிவத்தைக் கீழே நகர்த்த வீலை உருட்டும்போது கர்சர் ஒரு டிராப்டவுன் மேல் வந்துவிட்டால் பேனல் நின்றுவிடுகிறது, அதன் மதிப்பு மாறுகிறது. பயனர் கவனிக்காமலே தவறான மதிப்பு சேமிக்கப்படுகிறது. கிளாஸ் சீல்டு (அதிலிருந்து புதிய வகை உருவாக்க முடியாது), சோர்ஸ் கோடும் இல்லை. மவுஸ்வீல் ஈவென்ட்டில் ஹேண்டில்டு = ட்ரூ (ஏற்கெனவே கவனித்தாகிவிட்டது என்ற குறி) கொடுத்தாலும் பலனில்லை. சாதாரண கம்போபாக்ஸில் அதே வரி வேலை செய்கிறது. ஏன்?

பதில் 1

சாதாரண கம்போபாக்ஸில் ஈவென்ட் முதலில் வரும். ஹேண்டில்டு ஆகாவிட்டால்தான் மதிப்பு மாறும். உங்கள் கண்ட்ரோல் பெரும்பாலும் ஆன்மவுஸ்வீல் மெத்தடை ஓவர்ரைடு செய்து (தன் கோடால் மாற்றி), மதிப்பை மாற்றிவிட்டுப் பிறகுதான் ஈவென்ட்டை எழுப்புகிறது. ஆகவே ஈவென்ட்டுக்கு முன்னாலேயே விண்டோஸ் அனுப்பும் மெசேஜைப் பிடிக்க வேண்டும்.

சீல்டு கிளாஸாக இருந்தாலும் நேட்டிவ்விண்டோ என்ற கிளாஸ் உதவும்: அதன் அசைன்ஹேண்டிலில் கண்ட்ரோலின் ஹேண்டிலை (விண்டோஸ் அதற்குத் தரும் அடையாள எண்) கொடுத்து, மெசேஜ்கள் வந்து சேரும் விண்ட்ப்ராக்கில் 522 (மவுஸ் வீல் மெசேஜ்) வந்தால் விழுங்கிவிடுங்கள். ரைட்டுலெஃப்ட் போன்ற பண்பு மாறினால் ஹேண்டில் புதிதாக உருவாகும், அதனால் ஹேண்டில்கிரியேட்டட் ஈவென்ட்டில் மறுபடி அசைன் செய்வது கட்டாயம். உள்ளே தனி டெக்ஸ்ட்பாக்ஸ் இருந்தால் மெசேஜ் அதற்குத்தான் போகும். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும், மெசேஜ்களைக் காட்டும் ஸ்பை++ கொண்டு எந்த ஹேண்டிலுக்கு 522 வருகிறது என்று முதலில் பாருங்கள்.

பதில் 2

40 கண்ட்ரோலுக்குத் தனித்தனியாக ஹேண்டில் பிடிப்பதை விட ஐமெசேஜ்ஃபில்டர் (மெசேஜ்கள் கண்ட்ரோலுக்குப் போகுமுன் செயலி முழுவதற்கும் வடிகட்டும் இன்டர்ஃபேஸ்) எளிது. 522 போஸ்ட் செய்யப்படும் (வரிசையில் போடப்படும்) மெசேஜ், அதனால் ஃபில்டரின் ப்ரீஃபில்டர்மெசேஜில் கிடைக்கும். (வரிசையில் போடாமல் நேரடியாகச் சென்ட் செய்யப்படும் ஃபோகஸ் மெசேஜ்கள் அங்கே வராது.)

அதில் கண்ட்ரோல்.ஃப்ரம்சைல்டுஹேண்டில் கூப்பிட்டு, கிடைத்த கண்ட்ரோலிலிருந்து பேரன்ட் வழியாக மேலே ஏறுங்கள். வழியில் அந்த டிராப்டவுன் வகை வந்தால், மெசேஜோடு வரும் டபிள்யூபாராம், எல்பாராம் மதிப்புகள் இரண்டையும் மாற்றாமல் சென்ட்மெசேஜ் மூலம் பேனலின் ஹேண்டிலுக்கு அனுப்பி, ட்ரூ திருப்புங்கள். சென்ட்மெசேஜ் மீண்டும் ஃபில்டருக்குள் வராது, ஆகவே சுழற்சியில் மாட்டாது. டச்பேடுகள் 120க்கும் (வீலின் ஒரு படி) குறைந்த அளவு அனுப்புவதால் நீங்களே கணக்குப் போட்டு உருட்ட வேண்டாம்.

உருட்டும் அளவு தேவைப்பட்டால் டபிள்யூபாராமில் டூஇன்ட்32 (32 பிட் எண்ணாக மாற்றுவது) கூப்பிடாதீர்கள். 64 பிட்டில் மேலே உருட்டும்போது சரியாக ஓடும். கீழே உருட்டினால் ஓவர்ஃப்ளோ எக்ஸெப்ஷன் வரும். டூஇன்ட்64 எடுத்து, 16 பிட் வலப்புறம் நகர்த்தி, அன்செக்டாக (ஓவர்ஃப்ளோ சோதனை இல்லாமல்) 16 பிட் ஷார்ட்டுக்கு மாற்றுங்கள்.

படிவம் மூடும்போது ரிமூவ்மெசேஜ்ஃபில்டர் அவசியம். விட்டால் அந்தப் படிவம் நினைவகத்திலேயே தங்கிவிடும்.

கேட்டவர்

வேலை செய்கிறது, நன்றி. ஆனால் பட்டியல் திறந்திருக்கும்போது அதற்குள்ளும் உருட்ட முடியவில்லை.

பதில் 2

பட்டியல் திறந்திருக்கிறதா என்று சொல்லும் பண்பு அந்தக் கண்ட்ரோலில் இருக்கும். அது ட்ரூ என்றால் ஃபில்டரிலிருந்து ஃபால்ஸ் திருப்புங்கள், மெசேஜ் வழக்கம்போல் போகும்.

பதில் 3

விண்டோஸ் 10இல், செயலில் இல்லாத ஜன்னலையும் உருட்டும் அமைப்பு இயல்பாக இயங்குவதால், கர்சருக்குக் கீழுள்ள ஜன்னலுக்கு வீல் போகும். அந்த அமைப்பை அணைத்தாலோ விண்டோஸ் 7இலோ ஃபோகஸ் உள்ளதற்குப் போகும். இரண்டிலும் சோதியுங்கள். ஆஃபீஸ் ஆட்-இன்னுக்குள் இதே படிவம் ஷோடயலாக் இல்லாமல் ஷோ மூலம் ஓடினால் மெசேஜ் லூப் (மெசேஜ்களை எடுத்து வழங்கும் சுழற்சி) ஆஃபீஸுடையது, ஃபில்டர் கூப்பிடப்படாது. அங்கே பதில் 1இன் வழிதான். ரிஃப்ளெக்ஷனால் (ஓடும்போதே கிளாஸின் உள்பகுதியை அணுகும் வழி) கண்ட்ரோலின் பிரைவேட் ஃபீல்டைத் தொட வேண்டாம், அடுத்த பதிப்பில் பெயர் மாறினால் உடையும்.