‘ஜீன் டிரைவ்’: தமிழில் எது?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
அன்பர்களே, மலேரியா பற்றிய பாடத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தென்னாப்பிரிக்காவில் நாம் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் மூத்த பிள்ளைகளுக்கானது. ஒரு மரபணுவைக் கொசுக் கூட்டம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாகப் பரவச் செய்யும் நுட்பமான ‘ஜீன் டிரைவ்’ வரும் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ‘மரபணு இயக்கி’ என்றால் கணினி மென்பொருள் நினைவுக்கு வரும். ‘மரபணு உந்தி’ சரிப்படுமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
உந்தி என்றால் கொப்பூழ், ஐயா. ஆற்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. திருவாசகத்தில் அது மகளிர் விளையாட்டு. தேரைச் செலுத்துவதற்கு நம் பழைய சொல் ‘கடாவுதல்’. ‘கடவு’, ‘கடா’, ‘கடை’ எல்லாம் ‘கட’ என்ற ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. ‘மரபணுக் கடாவல்’ என்று வையுங்கள்.

பிரிட்டோரியாவிலிருந்து:
வேருக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். பெற்றோரில் ஒருவரிடம் ஒரு படி (நகல்) மட்டும் உள்ள மரபணு, பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போகும். ஜீன் டிரைவிலோ, டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 நொதியும் அதற்கு இடம் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும் இனப்பெருக்க உயிரணுவில் இணைக் குரோமோசோமை அதே இடத்தில் வெட்டுகின்றன. செல் அந்த வெட்டை அடைக்கும்போது இந்த மரபணுவையே பார்த்துப் படியெடுத்துக்கொள்கிறது. விளைவு, ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கேம்பியே கொசுவின் பாலினத்தைத் தீர்மானிக்கும் ‘டபுள்செக்ஸ்’ மரபணுவில் இதை வைத்தார்கள். இரு படியும் பெற்ற பெண் கொசுக்கள் இரத்தம் உறிஞ்சவில்லை, முட்டையிடவில்லை. கூண்டுக் கொசுக்கள் 7 முதல் 11 தலைமுறைக்குள் அற்றுப்போயின.

இந்த நுட்பம் தோற்பது எங்கே? செல் சில வேளை படியெடுக்காமல் வெட்டு முனைகளை அப்படியே ஒட்டிவிடும். டி.என்.ஏ. எழுத்து மாறிய அந்த இடத்தைக் காஸ்9 பிறகு வெட்டாது, எதிர்ப்பு பரவும். டபுள்செக்ஸில் அந்த இடம் இரு படியிலும் மாறினால் பெரும்பாலும் பெண் கொசு மலடாகும், அதனால்தான் அதைத் தேர்ந்தார்கள். பாதிப் பங்கு என்ற விதியை மீறுவதே இதன் உயிர்நாடி. ‘ஒருதலை மரபேற்பு’ என்கிறேன். ‘செயற்கை’ என்ற அடை வேண்டாம். எலிகளில் இயற்கையாகவே இப்படி ஒன்று உண்டு.

பீனிக்ஸிலிருந்து:
ஒருதலை என்றதும் கைக்கிளைதான் நினைவுக்கு வரும், அக்கா. வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகளுக்குக் கடாவலும் எட்டாது. எனக்குக் கவலை வேறு. குவாசூலு-நட்டாலின் வடக்கே மொசாம்பிக். இங்கே விட்ட கொசு அங்கே போகும், திரும்ப அழைக்க வழியில்லை. 1997ஆம் ஆண்டின் நம் மரபணு மாற்று உயிரிகள் சட்டம் இந்நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். அக்கரை ஊர்களின் சம்மதத்தை யார் கேட்பது? மேலும் இங்கே முக்கியமாக நோய் பரப்புவது அனாபிலிஸ் அராபியன்சிஸ் என்ற வேறு கொசு இனம். கூண்டில் வென்றது கேம்பியே. பிள்ளைகள் இதையும் படிக்கட்டும். பரவும் என்பதைப் பெயரே சொல்ல வேண்டும்: ‘தற்பரவல் மரபணு’.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
மூவர் தற்பரவலுக்குத் தனிமடலில் சரி சொல்லியிருக்கிறார்கள். அதையே இடுகிறேன், அருகே ‘ஜீன் டிரைவ்’ என்றும் எழுதிவிடுகிறேன். எல்லைக் கேள்வி தனிப் பத்தியாக வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
அச்சிடுங்கள், நான் உடன்படவில்லை. நச்சுயிரியும் தானே பரவுகிறது, அதற்கும் இதே பெயரா? படியெடுப்பு சொல்லுக்குள் வரவேயில்லை.